காதில் வைத்துக் கேட்டேன்

பிப்ரவரி 3

அத்தைக்கு,

வந்து சேர்ந்தேன். எட்டு மணி நேரமும் கூண்டை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா "உள்ள என்ன, முயலா?" என்று கேட்டார். "எலி" என்றேன். எழுந்து போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் கால் நீட்டிக்கொண்டு வந்தேன். முந்திரியும் தூங்குமூஞ்சியும் நலம்.

நான்கு தடவை போன் செய்தேன். "எலிங்க சாப்பிடுதா?" என்று கேட்டால் "சரி" என்கிறீர்கள். "கால் வலி எப்படி இருக்கு?" என்றால் "சரி சரி, வெச்சுடறேன்" என்கிறீர்கள். என் மேல் கோபம் என்றால் இருக்கட்டும், எலிகள் என்ன பாவம் செய்தன? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆளுக்கு இரண்டு என்று நாம்தான் சண்டை போட்டுப் பிரித்துக்கொண்டோம். நீங்கள் அவற்றைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனாலும் "என் பிள்ளை வளர்த்தது, எனக்கும் பங்கு உண்டு" என்று மாவையும் இன்ஸ்பெக்டரையும் எடுத்து வைத்துக்கொண்டீர்கள். எலிக்கு ஆயுசு இரண்டரை வருஷம், மிஞ்சினால் மூன்று. இவற்றுக்கு இப்போதே இரண்டு ஆகிறது. அவர் கையால் தின்ற உயிர்கள் இவ்வளவுதான் மிச்சம். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூண்டில் மரத்தூள் போடாதீர்கள், அந்த வாசனை நெஞ்சுக்கு ஆகாது. காகிதம் கிழித்துப் போடுங்கள். மூக்கில் சிவப்பாக ஏதாவது வடிந்தால் ரத்தம் என்று பயப்பட வேண்டாம். அது அவற்றின் கண்ணீர், நிறமே அப்படித்தான். ஆனால் அடிக்கடி வடிந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். எல்லாவற்றையும்விட முக்கியம் மூச்சு. தினமும் காலையில் ஒவ்வொன்றையும் போன் மாதிரி காதில் வைத்துக் கேட்க வேண்டும். அவர் செய்வாரே, பார்த்திருப்பீர்கள். கொறகொறவென்றோ விசில் போலவோ சத்தம் வந்தால் அன்றைக்கே மாட்டு டாக்டரோ நாய் டாக்டரோ, யாராவது ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஒரு வாரம் விட்டால் போய்விடும்.

இன்னொன்று. அவர் இறந்த அன்று காலை மாடியில் யாரோ கத்தியது போல் இருந்தது என்று கீழ் வீட்டுக்காரர் சொன்னார். நீங்கள் பக்கத்து அறையில் இருந்தீர்கள். அவர் கூப்பிடவே இல்லையா, அத்தை? ஆறு மாதமாகக் கேட்கிறேன்.

மருமகள்


பிப்ரவரி 9

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எழுது, அதுதான் நல்லது.

காகிதத்தைப் பற்றி எனக்கா பாடம் எடுக்கிறாய்? முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் நின்றவள். எந்தக் காகிதம் மை விடும், எது ஈரம் இழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்வேன். வழவழப்புக் காகிதம் உதவாது. பழைய டைரித் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்துப் போடுகிறேன். மகாராணிகள் அதை வாயால் இன்னும் இரண்டாகக் கிழித்து மெத்தை போட்டுக்கொள்கிறார்கள். நான் கிழித்தது அவர்களுக்குப் போதவில்லையாம்!

இன்ஸ்பெக்டர் லேசுப்பட்டவள் இல்லை. வெளியே விட்டால் ஒரு மூலை விடாமல் சோதனை போடுகிறாள். பீரோவுக்கு அடியில் அவளுக்கு ஒரு கிடங்கு இருப்பதை நேற்றுதான் கண்டுபிடித்தேன். காய்ந்த பட்டாணி, என் தைலப் புட்டியின் மூடி, பஸ் டிக்கெட், ஒரு சாக்ஸ், ஒரு நீலப் பொத்தான். பொத்தான் அவன் சட்டையுடையது. சட்டையை நீ எடுத்துப் போய்விட்டாய். பொத்தான் மட்டும் எனக்கு எதற்கு? இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன்.

மாவு வெறித்துப் பார்த்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறாளே, என்ன வியாதி?

காதில் வைத்துக் கேட்டேன். இரண்டுக்கும் மூச்சு நன்றாக இருக்கிறது.

வாசல் பல்ப் போய்விட்டது. மாற்ற ஆள் இல்லை. அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருக்க மாட்டேனா? பெற்றவளைப் பார்த்து இதை எத்தனை தடவைதான் கேட்பாய்?

அத்தை


பிப்ரவரி 18

அத்தைக்கு,

பொத்தான் வந்தது. தைத்துவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மாவுக்கு வியாதி ஒன்றும் இல்லை. சிவப்புக் கண் எலிகளுக்குப் பார்வை மங்கல். ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கத்தான் தலையை ஆட்டுகின்றன. நான் வேலை பார்க்கும் கண்ணாடிப் பட்டறையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறோம். மாவுக்கு ஒன்று போட்டுக் கொடுக்க முடியுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இங்கே யாரும் சிரிப்பதில்லை. எட்டு மணி நேரம் மெஷின் பக்கத்தில் நின்றுவிட்டு அறைக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. பூட்டைத் திறக்கும் சத்தத்துக்கே இரண்டும் கம்பியில் வந்து தொங்குகின்றன. "வந்துட்டேன்டி" என்கிறேன். ஒரு நாளில் நான் பேசும் முதல் வார்த்தை பெரும்பாலும் அதுதான்.

வயிற்றில் விரலால் கிச்சுகிச்சு மூட்டினால் எலிகள் சிரிக்குமாம். உங்கள் பிள்ளை எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். மனிதக் காதுக்கு எட்டாத உச்சக் குரலில் சிரிக்குமாம். "இதுங்க சிரிச்சுட்டேதான் இருக்கு, நமக்குத்தான் கேக்கல" என்று தரையில் படுத்து நாலையும் மாற்றி மாற்றிக் கிச்சுகிச்சு மூட்டுவார். லிஃப்ட் ரிப்பேருக்குப் போன் வந்தால்கூட எழுந்திருக்க மாட்டார். சின்னப் பிள்ளைதான் அவர். நீங்கள் சமையலறையில் நிற்கும்போது வாசலில் நின்று விளக்கைப் போட்டு அணைத்து விளையாடுவாரே, நீங்களும் திரும்பி "ஏண்டா, பல்ப்பு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பீர்களே, அது ஞாபகம் வந்தது.

இதை எழுதாமல் இருக்கலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன், முடியவில்லை. கையளவு எலியின் மூச்சு கேட்கிறது உங்களுக்கு. கீழ் வீட்டுக்காரருக்கே கேட்டிருக்கிறது. பக்கத்து அறையில் பெற்ற பிள்ளை கூப்பிட்டது மட்டும் உங்களுக்குக் கேட்கவில்லையா?

மருமகள்


மார்ச் 2

மருமகளுக்கு,

நீ கேட்ட கேள்விக்கு உன் வீட்டில் உனக்கு நாக்கை இழுத்துச் சூடு போட்டிருக்க வேண்டும். இனி எழுதாதே.

நகம் வளர்ந்து தோளெல்லாம் கீறுகிறார்கள். வெட்டலாமா, கூடாதா? அதற்கு மட்டும் பதில் எழுது.

அத்தை


மார்ச் 15

அத்தைக்கு,

நகத்தின் நுனியை மட்டும், வெள்ளையாகத் தெரியும் இடம் வரை வெட்டலாம். இல்லாவிட்டால் கூண்டின் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஒரு செங்கல்லை வையுங்கள். ஏறி இறங்கித் தானே தேய்ந்துவிடும்.

அப்படி எழுதியிருக்கக் கூடாது. பதிலும் தெரிய வேண்டும், உங்களையும் இழக்கக் கூடாது என்றால் இரண்டும் சேர்ந்து நடக்காது போலிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இங்கே இருவரும் நலம். முந்திரி இப்போதெல்லாம் என் சட்டைக் கைக்குள் புகுந்து முழங்கை வரை போய்த் தூங்குகிறாள். நான் ஒரு கையால் சாப்பிடப் பழகிவிட்டேன். முன்பு இப்படி ஒட்டமாட்டாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவித்த முட்டையைக் கையில் வைத்துக் கொடுத்தால் கொஞ்சம் தின்கிறாள். வேறு விசேஷம் இல்லை.

மருமகள்


மார்ச் 24

மருமகளுக்கு,

செங்கல் வைத்தேன். அதன் மேல் ஏறி நின்றுகொண்டு மாவு எனக்கே உத்தரவு போடுகிறாள்.

இங்கேயும் இருவரும் நலம். மாவு என் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உட்கார்ந்து பல்லை அரைக்கிறாள். நிம்மதியாக இருந்தால் அப்படி அரைக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். தாடை எலும்பில் விரலை வைத்தால் தையல் மெஷின் ஓடுவது போல் அதிர்வு தெரிகிறது. நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு நாளாக வேலை எதுவும் ஓடவில்லை. அதற்காக யாரும் கேட்கப் போவதும் இல்லை.

கீழ் வீட்டுக்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். ஒரே ஒரு எலி மட்டும் தனியாக இருந்தால் என்ன ஆகும் என்று. உனக்குத் தெரிந்தால் எழுது. அவருக்காகத்தான்.

அத்தை


ஏப்ரல் 1

அத்தை,

கீழ் வீட்டுக்காரர் எலி என்றால் நாற்காலி மேல் ஏறி நிற்பவர். அவருக்கு இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது?

இன்ஸ்பெக்டரா?

நானும் பொய்தான் சொன்னேன். தூங்குமூஞ்சி மார்ச் பத்தாம் தேதி போய்விட்டாள். கைக்கு அடியில் கட்டி வந்தது. இந்த வயதில் பெண் எலிகளுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். நான் வேலைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால், செத்தவளின் மேல் முந்திரி காகிதத் துண்டுகளைப் போட்டு மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்கு அத்தனை பாடம் எடுத்துவிட்டு, என்னிடம் இருந்ததையே காப்பாற்ற முடியவில்லை என்று எழுதக் கை வரவில்லை.

தனியாக விட்ட எலி என்ன ஆகும் என்று கேட்டீர்கள். முதலில் தேடும். கூண்டின் நாலு மூலையும் முகர்ந்து பார்க்கும். பிறகு நிறுத்திவிடும். மேலெல்லாம் சீவிச் சுத்தம் பண்ண ஆள் இல்லாமல் முடி கலைந்து போகும். கண்ணைச் சுற்றிச் சிவப்பு வடியும். நாம் எவ்வளவு நேரம் கூட இருந்தாலும் நாம் எலி இல்லையே. எலிக்கு எலி வேண்டும்.

என்ன நடந்தது என்று சொல்லுங்கள். இந்த முறை கோபப்பட மாட்டேன்.

மருமகள்


ஏப்ரல் 8

அம்மாடி,

நாலு தாள் கிழித்துப் போட்டாயிற்று. அதில் மாவு மெத்தை போட்டுக்கொண்டாள். இதை அவளுக்குக் கொடுக்கப் போவதில்லை.

நான் தினமும் காதில் வைத்துக் கேட்டேன். அது பொய் இல்லை. நீ சொன்னபடியே காலையில் ஒவ்வொன்றாக எடுத்து, போன் மாதிரி காதில் வைத்தேன். மீசை கூசியது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் வரவில்லை. சத்தம் வரவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் பதினேழாம் தேதி கீழ் வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் விஷயமாக மேலே வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார், "என்னம்மா, உள்ள யாரோ விசில் அடிக்கிற மாதிரி இருக்கு?" நான் அவர் வாயைப் பார்த்தேன். அப்புறம் கூண்டைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் மூலையில் முதுகைக் கூனி உட்கார்ந்திருந்தாள். விலா ஏறி ஏறி இறங்கியது. ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. டாக்டர் கேட்டார், "ஒரு வாரமாவே இந்தச் சத்தம் இருந்திருக்குமே, உங்களுக்குக் கேக்கலையாம்மா?"

எனக்குக் கேட்காது, அம்மாடி.

அச்சகத்தில் மடிப்பு மெஷினுக்குப் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம். முதலில் வலது காது போயிற்று. இடது காது பின்னாலேயே போயிற்று. போன் கையில் துடிக்கும், எடுப்பேன், உள்ளே வண்டு மாதிரி ஏதோ ரீங்கரிக்கும். "சரி" என்பேன். உன் குரலைக் கேட்டால் கோபம் வருகிறது என்று எழுதினேனே, உன் குரலை நான் கேட்டு எத்தனை நாளாகிறது. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவேன். நான் ஏன் ஓயாமல் பேசுகிறேன் என்று நினைத்தாய்? நான் பேசிக்கொண்டே இருந்தால் அடுத்தவர் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை. மருமகள் வந்த வீட்டில் செவிட்டுக் கிழவியாக ஒரு மூலையில் உட்கார எனக்கு இஷ்டமில்லை. வறட்டுக் கௌரவம். வேறென்ன?

அன்றைக்கு நான் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அவன் கட்டிலில் இருந்தான், லீவு நாள்தானே, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். டீ எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தான். கதவைப் பார்த்துத்தான் கிடந்தான்.

அவன் கூப்பிட்டானா? எனக்குத் தெரியாது. கீழ் வீட்டுக்காரர் சொன்ன பிறகு, கூப்பிட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். எட்டு மாதமாகக் "கூப்பிடல" என்று சொல்லி வருகிறேன். உன்னிடம் மட்டுமா சொன்னேன், எனக்கே அதைத்தான் சொல்லிக்கொண்டேன். அதே காதால் இன்ஸ்பெக்டரையும் கொன்றுவிட்டேன். எலி சிரிப்பது யாருக்கும் கேட்காது என்று எழுதினாயே, அந்த ஒன்றில் மட்டும் நான் மற்றவர்களுக்குச் சமம் என்று அன்றைக்கு ஒரு அற்பச் சந்தோஷம் எனக்கு.

மாவுக்கு இரண்டு கண்ணும் சிவந்து வடிகிறது. இவளை நீ எடுத்துப் போ. எனக்கு எலி வளர்க்கத் தகுதியில்லை. முந்திரியோடு விட்டால் பிழைத்துக்கொள்வாள். என்னிடம் எதுவும் மிச்சம் இருக்க வேண்டாம்.

அத்தை


ஏப்ரல் 14

அத்தை,

உங்கள் கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போய் லென்ஸ் தட்டுக்குக் கீழே வைத்துப் படித்தேன். அன்றைக்கு ஏழு லென்ஸைக் கெடுத்துவிட்டேன். "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று மேஸ்திரி கேட்டார். இங்கே வந்த பிறகு ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அழுதுவிட்டேன்.

கோபப்பட மாட்டேன் என்றேன். ஆனால் வந்தது. கேட்காமல் போனதற்காக இல்லை. எட்டு மாதம் என்னை அந்தக் கேள்வியோடு விட்டீர்களே, அதற்காக. அதை நான் மறைக்கப் போவதில்லை. நான் பின்னால் நின்று "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டுத் திரும்பாமல் போனபோதெல்லாம், என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று மூன்று வருஷம் உள்ளுக்குள் வெந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முன்னால் வந்து நின்றிருப்பேனே.

கடிதம் வந்த நான்காவது நாள் மெஷினுக்கு முன்னால் நிற்கும்போதுதான் விளக்கு ஞாபகம் வந்தது. அவர் உங்களை அம்மா என்று பின்னாலிருந்து கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. யோசித்துப் பாருங்கள். சமையலறையில் இருந்தால் விளக்கைப் போட்டு அணைப்பார். ஹாலில் இருந்தால் தரையைக் காலால் தட்டுவார். நீங்களும் உடனே திரும்புவீர்கள். நான் விளையாட்டு என்று நினைத்தேன், நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள். அவருக்குத் தெரியும், அத்தை. ரொம்ப நாளாகத் தெரிந்திருக்கிறது. நீங்கள் மறைப்பதும் தெரிந்துதான் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த அறை விளக்கின் சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில், அதன் வெளிச்சம் சமையலறை வரை விழும். அவர் கதவைப் பார்த்துக் கிடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். சுவிட்சுக்குத்தான் போயிருக்கிறார். உங்களுக்கு எப்படிக் கேட்குமோ அப்படிக் கூப்பிடத்தான் போயிருக்கிறார். எட்டவில்லை. நீங்கள் கேட்கத் தவறியது ஒன்றும் அங்கே இல்லை.

மாவை எடுத்து வரமாட்டேன். முந்திரியைக் கொண்டுவருகிறேன். ஒரு வார லீவு கேட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு என்ன என்று வந்து பேசிக்கொள்ளலாம். கூடப் பிறந்தவைதான் என்றாலும் பிரிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாசனை மாறியிருக்கும், பார்த்ததும் சண்டை போடும். இரண்டும் உரிமை கொண்டாடாத இடத்தில்தான் முதலில் விட வேண்டும். குளியலறைத் தரையைக் கழுவிக் காயப் போடுங்கள். நான் ஒரு பக்கம் உட்காருகிறேன், நீங்கள் ஒரு பக்கம். கொஞ்ச நேரம் ஒன்றையொன்று தள்ளும், குத்துச்சண்டைக்காரர்கள் போல் எழுந்து நிற்கும். ரத்தம் வராதவரை நடுவில் போகக் கூடாது. பிறகு ஒன்று மற்றதன் கழுத்தைச் சீவ ஆரம்பிக்கும். அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியாது.

மூச்சை நான் கேட்கிறேன். பல் அரைப்பதை நீங்கள் விரலால் பாருங்கள். அது எனக்கு வரவே இல்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு நாலு நாள் முயற்சி செய்தேன்.

சனிக்கிழமை இருட்டும் நேரத்துக்கு வருவேன். மணி அடிக்க மாட்டேன். வாசல் விளக்கின் சுவிட்ச் வெளியில்தானே இருக்கிறது? கதவுக்கு மேலே உள்ள கண்ணாடி வழியாக வெளிச்சம் உள்ளே விழும். மூன்று தடவை போட்டு அணைப்பேன்.

மருமகள்


ஏப்ரல் 17

அம்மாடி,

குளியலறையை இரண்டு தடவை கழுவிவிட்டேன். நமக்குச் சண்டை வந்தால் எந்த இடம் என்று நீ எழுதவில்லை. மொட்டை மாடியை வைத்துக்கொள்ளலாம், அதையும் பெருக்கி வைத்திருக்கிறேன்.

சுவிட்சைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நீ வந்த பிறகு, எதிரில் உட்கார்ந்து, மெதுவாக இன்னொரு தடவை சொல். உன் வாயால் சொல்ல நான் பார்க்க வேண்டும்.

வாசல் பல்ப் போனது போனபடியே கிடந்தது. இன்றைக்கு நானே முக்காலி போட்டு ஏறி மாற்றினேன். கத்தாதே, விழவில்லை. மாவு தோளில் இருந்தாள், அவளும் விழவில்லை. போட்டுப் பார்த்தேன், எரிகிறது.

மூன்று தடவையெல்லாம் வேண்டாம். ஒரு தடவை போதும். கதவுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அத்தை